ரவுட்டருக்குப் பின்னால் ஒரு மைக்

சனிக்கிழமை மாலை, கொயர் ப்ராக்டிஸ் தொடங்கிய சற்று நேரத்தில் கனடாவிலிருந்து என் மகள் கிரேஸ் போன் செய்தாள்.

"அப்பா, ஒண்ணுமே கேக்கல. சர்வர் டவுனா?"

நான் அரசு அலுவலகம் ஒன்றின் நெட்வொர்க் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தலைநகரின் ஜனக்புரியில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பை சர்வராக்கி ரவுட்டருக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். என் மனைவி ஸ்டெல்லா எங்கள் ஹாலில் சர்ச் கொயருக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பதை, ஒரு மைக் வழியாக அது நேரலையில் அனுப்பும். கிரேஸ் அங்கே நர்ஸ். காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவாள். அந்தக் கொயரில் பாடி வளர்ந்தவள்.

சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளியிலிருந்து வருபவரை சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கும் ரவுட்டரில் அப்படியே இருந்தது. ஆனால் ரவுட்டர் காட்டிய ஐபி முகவரி ஒன்று, வெளியே தெரிந்த ஐபி வேறொன்று. இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைக் கொடுத்துவிட்டார்கள். இனி வெளியிலிருந்து யாரும் நேராக எங்கள் வீட்டு சர்வருக்கு வர முடியாது.

கஸ்டமர் கேரில் ஒரே கேள்விதான்: "நெட் சல் ரஹா ஹை நா, சார்ஜி?"

நெட் ஓடத்தான் செய்தது.

"ரெக்கார்ட் பண்ணி வாட்ஸாப்ல அனுப்பிரலாம்லா?" என்றாள் ஸ்டெல்லா.

கிரேஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம்பா. நீங்க அங்க பாடறப்பவே நான் இங்க கேக்கணும்."

உள்ளே வர வழியில்லாவிட்டாலும் வெளியே போக வழி இருந்தது. வெளியே ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, வீட்டு சர்வரிலிருந்து அதற்கு டனல் என்னும் தனிப்பாதை போட்டேன்; கிரேஸ் அந்த சர்வரில் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த சனிக்கிழமை கிரேஸுக்குப் பாட்டு கேட்டது. முடிந்ததும் வழக்கம்போல ஸ்ட்ரீமை நிறுத்தப் போனேன். உடனே போன்.

"அப்பா, ஆஃப் பண்ணாதீங்க."

"பாட்டு முடிஞ்சிட்டேம்மா."

"தெரியும்பா. அப்புறம் அம்மா கிச்சன்ல பாத்திரம் உருட்டுவாங்கல்ல, கீழ காய்கறி விக்கிற சப்ஜிவாலா கத்துவான்ல, அதுவும் வேணும். நான் பஸ் இறங்கற வரைக்கும்."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களிடம் இப்போதெல்லாம் ஒன்று சொல்கிறேன். எவ்வளவு ஸ்பீடு வேண்டும் என்பதை அப்புறம் கேளுங்கள். எதற்கு வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

கொயர் கலைந்த பிறகும் மைக் ஓடுகிறது. ஸ்டெல்லா அதைத் தாண்டிப் போகும்போது குனிந்து, "ஏட்டி, சாப்ட்டியா?" என்பாள். இது ஒருவழி லைன், கிரேஸ் பேசுவது நமக்குக் கேட்காது என்று பலமுறை சொல்லிவிட்டேன்.

"தெரியும்லா" என்கிறாள். ஆனாலும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறாள்.