தாடிக்குள் கசிந்த காற்று

இருசப்பன் குறட்டை விட்டால் தெருவே பேசும். வடக்கனந்தலைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரில் அது ஒரு தினசரிச் செய்தி. "ராத்திரியெல்லாம் டிராக்டர ஓட விட்டுட்டுத் தூங்குறியே, டீசல் காலியாவலையா?" என்று எதிர்வீட்டுப் பூமாலை காலையில் கேட்பாள். அவனும் சிரிப்பான். டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு டிராக்டர் மாதிரிதான் குறட்டை வரும் என்பான். குறட்டையை நோய் என்று யார் நினைத்தார்கள்? நல்லா உழைக்கிறவன் நல்லா தூங்குகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் அவன் தூங்கவில்லை. அதுதான் கூத்து. படுத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும், அலறிப் புரண்டு மறுபடி மூச்சை இழுப்பான். விடிய விடிய இதே பாடு. விடிந்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. தலை மட்டும் கல்லாகக் கனக்கும். சோற்றில் கை வைத்தபடியே கண் சொருகும். சுப்புராயன் வீட்டுக் கரும்பைப் பல வருஷமாக ஆலைக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவன், ஒரு மத்தியானம் காலி டிரெய்லரோடு வாய்க்காலில் போய் இறங்கினான். நல்லவேளை, தோள்பட்டை எலும்போடு போயிற்று.

"குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்" என்றது ஊர். வாழ்நாளில் ஒரு மடக்கு குடிக்காதவன்! எலும்பு வலியைவிட அந்தப் பேச்சுதான் அவனுக்கு வலித்தது.

அன்றைக்கே அவன் மனைவி காசியம்மாள் கல்வராயன் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். மலையடிவாரத்தில் இருக்கிற வாழ்முனிதான் அவர்களுக்குக் குலசாமி. "என் புருசன உசுரோட குடுத்துட்ட. இந்தத் தூக்க நோவையும் நீயே எடுத்துடு. வர ஆடிக்கு அவரு தலமுடியும் தாடியும் ஒன் வாசல்ல எறக்குறேன்" என்று வேண்டிக்கொண்டாள். அன்றிலிருந்து இருசப்பன் முகத்தில் கத்தி படவில்லை.

அந்த ஆடி வரவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கொரோனா வந்தது. கோயில்களைப் பூட்டினார்கள், திருவிழா நின்றது. அடுத்த ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று காசியம்மாள் தவணை சொன்னாள். தாடி மார்பைத் தொட்டது.

ஊரடங்கு தளர்ந்ததும் மகள் மலர்விழி வந்தாள். கல்யாணமாகிப் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். அப்பா உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்ததும் இது நோய் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கையோடு கூட்டிப்போனாள். அங்கே ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் பெரிய மனுஷன் மாதிரி மிரட்டவில்லை, பக்குவமாகத்தான் சொன்னார்.

"தூக்கத்துல உங்க தொண்டை மூடிக்குது, மூச்சு நிக்குது. இந்த மெஷின் மாஸ்க் வழியா காத்தைத் தள்ளி தொண்டையைத் திறந்து வைக்கும். தினமும் போடணும். இது சரியா வேலை செய்யுதுன்னு நான் சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது."

கடைசி வாக்கியம்தான் இருசப்பன் காதில் விழுந்தது. டிராக்டர் இல்லாமல் அவன் யார்? வேறென்ன தெரியும் அவனுக்கு? மெஷின் சரியாக ஓடினால் வண்டி, இல்லாவிட்டால் திண்டாட்டம். அவ்வளவுதான் கணக்கு.

மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பூமாலை விட்டாளா? "ஊரு ஒலகமே பகல்ல மாஸ்க் போட்டுக்கினு திரியுது, காசி புருசன் மட்டும் ராத்திரில போட்டுக்கினு படுக்குறான்" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். மாஸ்க் வேலை செய்திருந்தால் அவனும் சேர்ந்துதான் சிரித்திருப்பான்.

மாஸ்க் கசிந்தது. மூக்கையும் வாயையும் மூடி, ரப்பர் விளிம்பு கன்னத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இவனுக்குத்தான் கன்னமே இல்லையே, தாடிதானே இருந்தது! மயிருக்குள் புகுந்து காற்று புஸ்ஸென்று வெளியேறியது. பாதி காற்று கண்ணில் அடித்து, விடிந்தால் கண் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். வாய் காய்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஓடியும் குறட்டை நிற்கவில்லை.

வாரை இறுக்கினான். மூக்குத்தண்டில் புண் வந்தது. துண்டைச் சுருட்டி விளிம்பில் செருகினாள் காசியம்மாள். புரண்டு படுத்ததும் துண்டு போயிற்று. தாடி படிந்து கிடக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவினாள். மாஸ்க் வழுக்கிக்கொண்டு நெற்றிக்கு ஏறியது. போதாக்குறைக்குக் கரண்ட் வேறு போகும். இவ்வளவு சிரமத்தையும் பட்டவர்கள் ஒரு கத்தியை எடுத்திருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றும். தோன்றட்டும். குலசாமிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் கத்தி வைக்கிற தைரியம் நமக்கு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெஷின் கொடுத்த இடத்தில் ராதிகா என்று ஒரு பெண், பொறுமைசாலி. போனில் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தாள்.

"ஐயா, மாஸ்க்ல ஒண்ணும் கோளாறு இல்ல. தாடிதான் பிரச்சினை. எடுத்துடுங்க, சரியாயிடும்."

போனைப் பிடுங்கினாள் காசியம்மாள். "அது சாமி முடிம்மா. அவரு முடி இல்ல. ஆடியிலதான், சாமி வாசல்லதான் எறக்கணும்."

"ஆடிக்கு இன்னும் எவ்ளோ மாசம் இருக்கும்மா!"

"இருக்கட்டும். வாய்க்கால்ல உழுந்தவர எடுத்துக் குடுத்த சாமி. அதுங்கிட்ட பேச்சு மாறுனா மறுபடி இன்னா ஆவும்னு ஒனக்குத் தெரியுமா?"

இருசப்பனுக்கும் பயம்தான். மனைவி சொன்னதைவிட ஒரு மடங்கு அதிகமாகவே பயம்.

அதற்குப் பிறகுதான் காசியம்மாள் தன் கையைக் கண்டுபிடித்தாள். மாஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்து, தாடியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தால் காற்று கசியவில்லை. புஸ் சத்தம் நின்றது. குறட்டை நின்றது. கையை எடுத்தால் மறுபடி புஸ். அவ்வளவுதான், தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். புருஷன் முகத்தில் கையை வைத்தபடியே இரவைக் கழித்தாள். அடுத்த இரவும் அப்படியே. அதுவே வழக்கமாயிற்று.

இருசப்பனுக்கு மறுபிறவி வந்த மாதிரி இருந்தது. காலையில் தலை பஞ்சாக இருந்தது. தொலைவில் மலை அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. பகலில் கொட்டாவி இல்லை. மலர்விழி போனில் பேசினால் ஜோக்கடித்தான். மெஷினில் பதிவாகிற கணக்குப்படி கசிவு கம்மியாகிவிட்டது, இப்படியே போனால் அடுத்த தடவை வரும்போது வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

"இன்னாடி நீ, படுத்துத் தூங்குடி" என்று அவன் சொல்லாமல் இல்லை. சொல்லுவான். சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவான். பேருக்குச் சொன்ன பேச்சு அது, அவனுக்கே தெரியும். இத்தனை வருஷம் தூக்கத்துக்கு ஏங்கியவனுக்குக் கிடைத்த தூக்கத்தை விட மனசு வரவில்லை. காசியம்மாளோ விடிந்ததும் எழுந்து கரும்பு வெட்டப் போனாள். அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது. "இன்னாடி, ஒன் புருசன் நோவ நீ வாங்கிக்கினியா?" என்று பூமாலை கேட்டாள். அவள் கேலிக்குத்தான் கேட்டாள்.

அந்த மார்கழியும் தையும் இடஒதுக்கீட்டுப் போராட்ட நாட்கள். ஊருக்கு ஊர் வேன் வைத்துக்கொண்டு ஆட்கள் போனார்கள். மனு, ஆர்ப்பாட்டம், மறியல் என்று ரோட்டில் கொடியும் கோஷமுமாக இருந்தது. இருசப்பனுக்குப் பதிலாகச் சுப்புராயன் வைத்திருந்த டிரைவர் இளவரசன் முதல் வேனிலேயே ஏறிப் போய்விட்டான். இங்கே கரும்பு வெட்டி ஏற்றிக் கிடக்கிறது, ஆலை கொடுத்த வெட்டு உத்தரவு அன்றைய தேதிக்கு, அன்றைக்கே கொண்டுபோய் இறக்க வேண்டும். வெயிலில் காய்ந்தால் எடை போச்சு.

சுப்புராயன் வாசலில் வந்து நின்றார். "இருசப்பா, ஒரு நட மட்டும். இப்பதான் தெளிவா இருக்கியேப்பா. வேற ஆளு கெடைக்கல."

"டாக்டர் இன்னும் சொல்லலண்ணே" என்றான் இருசப்பன். ஆனால் கால் எழுந்துவிட்டது. குடிகாரன் என்று சொன்ன ஊர் பார்க்க, வண்டியில் ஏறி உட்கார வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஆசை.

காசியம்மாள்தான் குறுக்கே வந்தாள். போகாதே என்று சொல்லவில்லை. "நானும் வரேன். பக்கத்துல குந்திக்கினு பேசிக்கினே வரேன். நீ கண்ண மூடுனா கிள்ளி உட்டுடுவேன்" என்றாள்.

டிராக்டரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார இடம் ஏது? பெரிய சக்கரத்து மட்கார்டின் மேல் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்கள். பின்னால் டிரெய்லர் நிறையக் கரும்பு. காலை வெயில் நல்லா ஏறியிருந்தது. கச்சிராயபாளையம் ரோட்டில் மறியல் என்று முன்னால் போன வண்டிக்காரன் கை காட்டினான். ஏரிக்கரை மேல் சுற்றிப் போகிற மண் பாதையில் இருசப்பன் வண்டியைத் திருப்பினான்.

முதலில் காசியம்மாள்தான் பேசிக்கொண்டு வந்தாள். மலர்விழி முழுகாமல் இருக்கிறாளாம், பொங்கலுக்கு வரும்போது சொல்லலாம் என்று இருந்தாளாம். இருசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் பேச ஆரம்பித்தான். பேரன் வந்தால் அவனை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுப்பேன் என்றான். பேத்தி என்றாலும் அப்படித்தான் என்றான். ஆடிக்குக் குடும்பத்தோடு போய்க் கிடா வெட்டலாம், தாடியை இறக்கிவிட்டுக் குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாம் என்றான். கண் துளிக்கூடச் சொருகவில்லை. பாதையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. இவ்வளவு முழிப்பாக அவன் வண்டி ஓட்டி எத்தனையோ வருஷம் ஆயிருந்தது.

"இன்னாடி, ஒண்ணும் பேச மாட்டேன்ற?" என்று கேட்டுக்கொண்டே கரை திரும்புகிற இடத்துப் பள்ளத்தில் வண்டியை இறக்கினான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. திரும்பிப் பார்த்தான். மட்கார்டு காலியாக இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் காதில் விழுந்திருக்கும். தூக்கத்திலேயே கை விட்டுப்போய்ச் சக்கரத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவில் விழுந்திருக்கிறாள். இருசப்பன் பிரேக்கை மிதித்தபோது பாரம் அவள்மேல் ஏறி இறங்கியிருந்தது. மறியல் நடந்த ரோட்டில் ஆம்புலன்ஸுக்கு எல்லாரும் வழி விட்டார்கள். பாவம், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. வழி கிடைத்து என்ன, கொண்டுபோக அங்கே உயிர் இல்லை.

"தூங்கிட்டியாப்பா?" என்றுதான் ஊர் கேட்டது. போலீஸும் அதையே கேட்டது. "இல்லைங்க, முழிச்சிக்கினுதான் இருந்தேன்" என்று சொல்லிச் சொல்லி அவனுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. தூங்கித் தொலைந்திருந்தால்கூட நோயின் மேல் பழியைப் போடலாம். முழித்திருந்தவன் யார்மேல் போடுவான்? அவன் முழித்திருக்க வேண்டும் என்று தூங்காமல் கிடந்தவள் அல்லவா செத்தாள்.

கருமாதிக்கு ஏரிக்கரையில் உட்கார வைத்துத் தலையையும் தாடியையும் மழித்தார்கள். காரியத்துக்கு இறக்கிய முடி, தண்ணீரோடு போயிற்று. அது இனி எந்தச் சாமிக்கும் ஆகாது. அன்று இரவு மலர்விழி அழுதுகொண்டே அப்பாவுக்கு மாஸ்க்கை மாட்டிவிட்டாள். மழித்த கன்னத்தில் ரப்பர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கசியவே இல்லை. பெண்டாட்டி செத்த வீட்டில் இருசப்பன் விடியும்வரை அயர்ந்து தூங்கினான். எழுந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

வாக்கு பொய்த்துப்போயிற்றே, சாமி குற்றம் மகள் வயிற்றுப் பிள்ளைமேல் விழுந்துவிடக் கூடாதே என்று அவனுக்கு உள்ளூர நடுக்கம். பூசாரி மாயவனைப் பார்க்க மலையடிவாரத்துக்குப் போனான். தீட்டுக்காரன் என்பதால் வாசல்படி ஏறாமல் ஒதுங்கி நின்றான். மாயவனே இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"கோயில் பூட்டிக் கெடந்த வருசம்ப்பா. பாதி ஜனம் வூட்டுலயே எறக்கி, மஞ்சத் துணியில முடிஞ்சி, சாமி மாடத்துல வெச்சிருந்தாங்க. தெறந்ததும் கொண்டாந்து சாமி வாசல்ல கட்டிட்டுப் போனாங்க. சாமி ஒத்துக்கும். எங்கிட்ட ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கலாமே, ஏன்ப்பா கேக்கல?"

இருசப்பன் மழித்த கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"கேக்கத் தோணலைங்க" என்றான்.