அன்னக்கொடி வைத்த ஒப்பாரி

நல்லகாமன் வீட்டை விட்டுக் கிளம்பியது 1976 மாசியில், ஒரு வெள்ளிக்கிழமை. கோரிப்பாளையத்தில் சுவரொட்டி ஒட்டப் போகிறான் என்று அக்கா அன்னக்கொடிக்குத் தெரியும். சிறையில் அடைபட்டவர்களை விடச் சொல்லிக் கையால் எழுதிய தாள்கள். நெருக்கடி நிலையில் அதற்கே எலும்பை எண்ணிவிடுவார்கள்.

"பசை காச்ச மாவு எம்புட்டுடா எடுத்த?"

"கொஞ்சந்தான்க்கா. வாரேன்."

வரவில்லை. மேலூர் ரோட்டில் ஒரு காவல் நிலையத்துக்குள் அவனை இழுத்துப்போனதைக் கூடப் படித்த துளசிராம் பார்த்திருந்தான். அங்கே கேட்டால், "அப்படி எவனையும் கொண்டாரல" என்றார்கள். பருப்பு மில் வேலையை விட்டுவிட்டு அன்னக்கொடி தினமும் போய் நின்றாள். ஒருநாள் ஏட்டு அவள் கூந்தலைப் பிடித்து ரோடு வரைக்கும் இழுத்துவந்து போட்டான்.

துளசிராம் ஒரு வழி சொன்னான். "கூட்டம் போட்டாத்தானக்கா தப்பு? கேதத்துக்குக் கூடுனா யாரு கேக்கிறது? ஸ்டேஷன் வாசல்ல நாங்க மொட்டை போடுறோம், நீங்க ஒப்பாரி வைங்க. உசுரோட இருந்தா கொண்டாந்து காட்டட்டும்."

அன்னக்கொடி அவனை அறைந்தாள். "இருக்கிறவனுக்கு ஒப்பாரி வச்சா வெளங்குவானாடா?"

பங்குனி பிறந்தும் தம்பி வராததால் சம்மதித்தாள்.

பையன்கள் நிலையத்தைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். கருப்பு என்ற சிநேகிதன் சவரக்கத்தியை எடுத்தான். அன்னக்கொடி தலையை விரித்துப்போட்டாள்.

"மில்லுல பொடைச்சு வளத்தேனே என் ராசா, மேலூர் ரோட்டுல தொலச்சேனே என் ராசா..."

உள்ளேயிருந்து லத்திகள் வந்தன. பாதி சிரைத்த தலைகள் பிளந்தன. துளசிராமின் காது கிழிந்து தொங்கியது. கருப்பின் விரல்களை பூட்ஸ் காலால் நசுக்கினார்கள். ஒருவனும் திருப்பி அடிக்கவில்லை, எழுந்து ஓடவும் இல்லை. தாடையில் லத்தி விழும்வரை அன்னக்கொடி பாட்டை நிறுத்தவில்லை.

மீதித் தலையைச் சிரைக்க மாட்டோம் என்று பையன்கள் அப்படியே தல்லாகுளத்தில் திரிந்தார்கள். பாதி மொட்டையைக் கண்ட இடத்தில் போலீஸ் அடித்தது. பழனியில் பாதி சிரைக்கும்போதே கத்திக்குப் பயந்து ஓடிவந்த ஒருவனும் அதில் சேர்ந்து வாங்கினான்.

நெருக்கடி நிலை போன பிறகும் நல்லகாமனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்னக்கொடி மில்லுக்குத் திரும்பினாள். கோணிப்போன தாடையால் ஒருபக்கமாகவே மென்றாள். இருந்தவனை ஒப்பாரி வைத்துக் கொன்றுவிட்டோம் என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பின் எந்தச் சாவு வீட்டிலும் அவள் வாய் திறக்கவில்லை.

1983இல் தங்கப்பொண்ணு என்று ஒருத்தி மில் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் காசிமாயன் ஆடு திருடி அப்போது அதே நிலையத்தில் அடைபட்டிருந்தவன்.

"அவரு படுத்த படுக்கையா கெடக்காரு. உங்ககிட்டச் சொல்லாமப் போனா கட்டை வேகாதுங்கிறாரு. நீங்க ஒப்பாரி வச்ச அன்னைக்கு உங்க தம்பி உள்ளதான் இருந்தாராம். எந்திரிக்க முடியலையாம். சொவத்துல காத வச்சுக் கேட்டாராம்."

"என்னடி சொன்னான்?"

"'எங்கக்கா வாயில ராசான்னு இன்னைக்குத்தான் வந்திருக்கு, வெளிய போனா இத வச்சே அவள ஓட்டுவேண்ணே'ன்னாராம். மறுநா காலையிலதான் உங்க தம்பியத் தனியாக் கூட்டிப்போனாங்களாம். அதுவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாராம்."