பஜ்ஜி எண்ணெயில் ஓடிய வண்டி

மகளுக்கு இளைப்பு. பனி இறங்கும் மாதங்களில் எப்போது மூச்சு இழுக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர் பேத்துப்பாறையிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் முகமூடியில் மருந்து வைத்தால்தான் அடங்கும். அதற்காகத்தான் அந்தப் புது டீசல் வண்டியை வாங்கினோம். அதில்தான் என் கணவர் கைவைத்தார்.

ஏரிப்பக்கத்துப் பஜ்ஜிக் கடைகளில் பொரித்து மிஞ்சும் பாமாயிலில் வண்டி ஓட்டலாம் என்று ஒரு வீடியோ அவருக்குக் கற்றுக்கொடுத்தது. வீடியோவில் பேசியவர் பனியனோடு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெயே அடுப்போரம் வைத்தால்தான் பாட்டிலை விட்டு இறங்கும் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். புது எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய் ஆகாது என்று படித்ததையும் சொன்னேன்.

"நீ படிச்சது வேற, இது வேற."

என்ன வேறு என்று கேட்டிருக்கலாம். ஒருவேளை எனக்குத்தான் புரியவில்லையோ என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது டேங்க் வந்தது. டீசலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் சுவிட்சைத் தட்டி எண்ணெய்க்கு மாற வேண்டும். வண்டியை நிறுத்துவதற்குச் சற்று முன்பே மறுபடி டீசலுக்கு மாறி, குழாயில் நிற்கும் எண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். மகளின் மருந்து வேளை ஒன்றுகூட நினைவில் நிற்காத மனிதருக்கு இதெல்லாம் மனப்பாடம். தன் மகன் விஞ்ஞானி ஆகிவிட்ட பூரிப்பில் அத்தை பழைய வேட்டியைக் கிழித்து எண்ணெய் வடிகட்டினார்.

முதல் நாள் சாயங்காலம் வண்டி வாசலுக்கு வந்ததும், புகையை முகர்ந்து பார்க்கப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"மாப்ள, இன்னைக்கி வாழைக்கா பஜ்ஜியா, மொளகா பஜ்ஜியா?"

"ஏலே, தொட்டுக்கச் சட்னி எங்கலே?"

டீசலுக்கு மாற்றினால் வாசனை போய்விடும். அதனால் அவர் மாற்றவில்லை. எல்லாரும் முகர்ந்து முடித்த பிறகு எண்ணெயிலேயே அணைத்தார்.

"டீசலுக்கு மாத்தலையாங்க?"

"காலையில பாத்துக்கலாம். எல்லாத்துக்கும் பயந்துக்கிட்டே கெட."

காலையில் மகளுக்கு நெஞ்சு இழுத்தது. விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அவர் சாவியைத் திருப்பினார். வண்டி முனகியதே தவிரக் கிளம்பவில்லை. குழாய்க்குள் பாமாயில் வெண்ணெய் மாதிரி உறைந்து கிடந்தது. வெந்நீர் கொண்டுவா என்று கத்தினார். குழந்தைக்கு ஆவி காட்ட நான் போட்டிருந்த வெந்நீரை அத்தை எஞ்சினுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"கொஞ்சம் பொறு, இளகிரும்."

"இவளுக்கு இளகலைங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பூண்டு மூட்டைகளோடு டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தினேன். ஓட்டி வந்தவர் எங்கள் வாசலை எட்டிப் பார்த்தார்.

"என்ன மதினி, அண்ணன் வண்டிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறாரா?"

குழந்தையின் முகத்தைப் பார்த்ததும், "ஏறுங்க, வெரசா ஏறுங்க" என்றார். அப்புறம் ஆஸ்பத்திரி வரும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

முகமூடி வைத்தார்கள். இழுப்பு மெல்ல மெல்ல அடங்கி, உதட்டில் நிறம் திரும்பியது. நான் இன்னும் முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கீழே எங்கள் வண்டிச் சத்தம் கேட்டது. ஒருவழியாகக் கிளம்பியிருக்கிறது. அவர் மேலே வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்ற பயத்தில், ஆக்சிலேட்டரை மிதித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். டீசலை மிச்சம்பிடிக்க வந்த வண்டி, நின்ற இடத்தில் டீசலைக் குடித்துக்கொண்டிருந்தது. அவரால் இறங்கி வந்து பெற்ற மகளைப் பார்க்க முடியாது. நான்தான் அவளைத் தூக்கி ஜன்னலில் காட்டினேன்.

"இப்ப எப்டி இருக்கா?" என்று கழுத்தை வெளியே நீட்டிக் கத்தினார்.

நன்றாக இருக்கிறாள் என்றேன். காதில் கையை வைத்து மறுபடி கேட்டார். அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் எஞ்சினை அணைக்க வேண்டும். நான் இரண்டாவது முறை சொல்லவில்லை.