ஃப்ரீசருக்கும் ஓய்வு

மைசூரில் நான் ஆராய்ச்சி செய்தது செயற்கை முழங்கால் மூட்டில். மனிதருக்குப் பொருத்தும் முன் அதை ஆட்டின் எலும்பில் பொருத்தி, எந்திரத்தில் வைத்து அழுத்தி, எத்தனை பாரத்தில் தளர்கிறது என்று பார்க்க வேண்டும். ஆடு நாலு காலில் நடக்கும். மாடிப்படியைப் பார்த்துப் பெருமூச்சு விடாது. அதை எங்கள் பேராசிரியர்தான் செய்வார். இருந்தாலும் ஆராய்ச்சிக் கட்டுரையில் அவருக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் இல்லை.

அவர் பரம சைவம். எலும்பை வைத்து ஊர் ஊராகக் கருத்தரங்குகளில் பேசுவார். அந்தச் சொல்லை மட்டும் வாயால் சொல்லமாட்டார். "சாம்பிள்" என்பார். கசாப்புக் கடைக்குப் போய் சாம்பிள் வாங்குவது, ஒட்டிய சதையைச் சுரண்டுவது, சிமெண்ட் வைத்து மூட்டைப் பொருத்துவது எல்லாம் என் வேலை. பின்வாசல் வழியாகத்தான் நான் அதைக் கொண்டுவர வேண்டும். கட்டுரை வெளிவரும்போது அவர் பெயர் மட்டும் முன்வாசல் வழியாக வந்து முதலில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வருடம் தசராவுக்கு முன்பே எல்லாவற்றையும் பொருத்தி, உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். விடுமுறை முடிந்து வந்து எந்திரத்தில் அழுத்திப் பார்த்துவிட்டால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். அந்தத் தெம்பில் என் ஊரான ஹனூருக்குப் பஸ் ஏறினேன். அம்மா அதற்குள் ஊரெல்லாம் என்னை டாக்டர் என்று சொல்லிவைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டார்.

திரும்பி வந்தபோது வராந்தாவிலேயே நாற்றம் எதிர்கொண்டது. ஆய்வகத்தில் எல்லா எந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஃப்ரீசருக்கும்தான். ஆயுத பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமல்லவா? பேராசிரியர் தன் கையாலேயே மெயின் சுவிட்சை அணைத்து, ஃப்ரீசருக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். திறந்து பார்த்தேன். துணிச் சுற்றுக்குள் சாம்பிள் எல்லாம் அழுகிக் கிடந்தது.

அவர் மூக்கில் கைக்குட்டையோடு எட்டிப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. ஆனால் யோசனை அதைவிட வேகமாக, கன்னடம் கலந்த தமிழில் வந்துவிட்டது.

"சும்னே டென்ஷன் ஆகாதேம்மா. அப்படியே டெஸ்ட் பண்ணிடு. வயசானவங்க சாம்பிளும் மெத்துனுதானே இருக்கும்? முதியோர் மாடல்னு போட்டுக்கலாம்."

"கெட்டுப் போயிருச்சுங்க சார்."

"யாருக்கும்மா தெரியும்? நீயும் இந்த வருஷமே முடிக்கணுமில்ல?"

முடிக்கத்தான் வேண்டும். அவர் சொன்னது ஒரு நொடி எனக்கும் இனித்தது. அப்படி இனிக்க வைத்ததற்காகவே அவர் மேல் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

காலை இழுத்து இழுத்து அவர் தன் அறைக்கு நடந்தார். சங்கராந்தி கழிந்ததும் அவருக்கே முழங்கால் மூட்டு மாற்றப் போகிறார்கள் என்பது துறை முழுக்கத் தெரிந்த செய்தி.

"சார், உங்களுக்குப் போடற மூட்டை எதுல டெஸ்ட் பண்ணாங்கன்னு கேட்டீங்களா?" என்றேன்.

நின்றார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நல்ல சாம்பிள்லதான் பண்ணியிருப்பாங்க."

"அங்கயும் யாராவது ஃப்ரீசருக்குப் பூஜை போட்டிருந்தாங்கன்னா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் ஆராய்ச்சி அந்தக் கதவுக்குப் பின்னாலேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை, அடுத்த வருடத்துக்காவது ஆகட்டும் என்று கசாப்புக் கடையில் போய் நின்றேன். ஒரு ஆட்டோ வந்து நின்றது. கைக்குட்டையும் மூக்குமாக எங்கள் பேராசிரியர் இறங்கி, நொண்டி நொண்டி வந்தார். தொங்கிய தொடைகளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, எலும்பு இன்று காலை வெட்டியதுதானா என்று கடை முழுக்கக் கேட்கும்படி கன்னடத்தில் கேட்டார்.