அடுப்படிக்குக் காப்பிக் கலர்

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் வீரபத்திரன் கரண்டியை மனைவி கையில் கொடுத்துவிடுவார். கொடுத்த கையோடு தோளில் கிடக்கும் கரித்துணியை உருவி மேடைக்கு அடியில் எறிவார். மீசையை ஒருதரம் நீவிக்கொண்டு முன்கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து நேற்றைய பேப்பரை விரிப்பார். "வாப்பா, என்ன சோலியா வந்த?" என்று கேட்கும்போது அது ஊர்க்கூட்டத்தில் பேசுகிற குரல். உள்ளே சண்முகவள்ளி, கரண்டியை வைத்துக்கொண்டு எதை எப்போது கிண்டுவது என்று தெரியாமல் நிற்பாள்.

சிக்கல் என்கிற ஊரில் மிளகாயும் நெல்லுமாகப் பிழைக்கிற வீடு அது. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு மிளகாய் நெடி ஆகாது. வறுத்தால் இழுப்பு வந்துவிடும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துப் பதறிப்போய், "நீ அங்கிட்டுப் போ, நான் பாத்துக்கிறேன்" என்று கரண்டியை வாங்கினவர்தான். செருப்புச் சத்தம் கேட்கிற நேரம் தவிர இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் வைக்கிற கருவாட்டுக் குழம்புக்குச் சொந்தபந்தத்தில் பெரிய பேர். பேர் முழுக்கச் சண்முகவள்ளிக்கு. "மதினி கைமணமே தனி" என்பார்கள். அவள் குனிந்து சிரிப்பாள். இவர் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு, "ஏதோ வைக்கிறா" என்பார்.

இந்த ஒளிவுமறைவுக்கு அவர் வாய்தான் காரணம். பங்காளி செல்லச்சாமி தன் மனைவியின் சேலையைக் கொடியில் காயப்போடுவதை வீரபத்திரன் ஒருதரம் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா போகவேண்டியதுதானே? நேரே டீக்கடைக்குப் போய், "வளையக்காரன் வந்தா செல்லச்சாமி வீட்டுக்குச் சொல்லிவிடுங்கப்பா, அவன் கைக்கு அளவெடுக்கணும்" என்றார். கடையே சிரித்தது. செல்லச்சாமியும் வேறு வழியில்லாமல் கூடச் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு என்றைக்காவது திரும்பித் தன் வீட்டுப் படியேறும் என்று வீரபத்திரனுக்கு உள்ளூர உதறல். இம்மாம்பெரிய மீசைக்கு அப்படியொரு பயம்.

பழைய வீட்டில் கவலை இல்லை. அடுப்படி பின்கட்டில் பொந்து மாதிரி இருந்தது. புது வீடு கட்ட வந்த கொத்தனார் அக்கினி மூலையில்தான் அடுப்படி என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். அந்த மனையின் அக்கினி மூலையோ நேரே தெருவைப் பார்த்து விழுந்தது. போதாதென்று அதில் அகலமாக ஒரு ஜன்னல் வேறு. பஸ்ஸுக்குப் போகிறவர், கண்மாய்க்குப் போகிறவர், எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அடைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பால் காய்ச்சிக் குடிவந்த பிறகும் மனிதருக்கு இதே யோசனைதான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். சுவர் இருட்டாக இருந்தால் உள்ளே நிற்பது யார் என்று தெருவுக்குத் தெரியாது.

பெயிண்டர் சுஐபு பெரியபட்டினத்துக்காரர். கலர் அட்டையைச் சண்முகவள்ளி முன்னால் விரித்து, "அக்கா, அடுப்படிக்கு என்ன கலரு?" என்று கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் வீரபத்திரன் குறுக்கே விழுந்தார்.

"காப்பிக் கலரு. இருக்கதுலயே கருத்தது."

"அடுப்படிக்கு வெளிச்சமால்ல மாமா அடிப்பாக."

"புகை படிஞ்சா தெரியாதுல்ல."

"காஸு அடுப்புல ஏது மாமா புகை?"

"சொன்னத அடிப்பா."

சுஐபு அந்தப் பக்கம் போனதும் சண்முகவள்ளி மெதுவாகக் கேட்டாள். "எனக்கென்ன, நீங்கதான அங்கன நிக்கப் போறீக. கண்ணு தெரியுமா?" அது அவருக்கும் தெரியாததில்லை. அட்டையில் மோர் நிறத்தில் ஒரு கட்டம் இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்துத் தடவிக்கொண்டேதான் காப்பிக் கலருக்குத் தலையாட்டினார். சமைக்கிற மனுசனுக்கும் மீசைக்கும் நடந்த சண்டையில் மீசை ஜெயித்தது.

நாலு சுவரும் கருத்த மறுநாள், சுஐபு வேலைக்கு வருமுன்னே அடுப்பைப் பற்றவைத்தார். ஜன்னலையும் ஒருக்களித்துக்கொண்டார். சட்டியும் கருப்பு, சுவரும் கருப்பு, நடுவில் வெந்தயம் சிவந்ததா இல்லையா என்று எங்கே போய்ப் பார்ப்பது? மூக்கை நம்பலாம் என்றால் பெயிண்ட் வாடை. புளியைக் கரைத்து ஊற்றிய பிறகுதான் மனசில் என்னவோ உறுத்தியது.

மத்தியானம் சுஐபும், பீரோ நகர்த்த ஒத்தாசைக்கு வந்த செல்லச்சாமியும் வீரபத்திரனோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். சண்முகவள்ளி பரிமாறினாள். சுஐபு ஒரு வாய் தின்றுவிட்டு அப்பளத்தைத் தேடினார். செல்லச்சாமிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது.

"என்ன மதினி, இன்னைக்குக் கை தவறிருச்சா? கொழம்பு கசக்குது."

"ஆமா தம்பி. கவனிக்கல" என்றாள் சண்முகவள்ளி. இத்தனை வருஷம் புகழை வாங்கிக்கொண்டவள் பழியையும் தன்னோடதாகவே வாங்கிக்கொண்டாள்.

வீரபத்திரன் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார். பெண்டாட்டி முகம் வாடியது பொறுக்கவில்லையா, தன் குழம்பைக் குறை சொன்னது பொறுக்கவில்லையா, அந்தச் சட்டிக்குத்தான் வெளிச்சம். இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவள ஒண்ணும் சொல்லாத. கொழம்பு வச்சது நாந்தான். என்னைக்கும் நாந்தான்."

வளையல் பேச்சு இதோ வருகிறது என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். செல்லச்சாமி இன்னொரு வாய் பிசைந்து, மென்று, விழுங்கினார்.

"ஏண்ணே, வெந்தயத்தக் கடுகுக்கு முன்னால போடுவீகளா, பெறகா?"

"அது எதுக்குலே ஒனக்கு?"

"எங்க வீட்லயும் கசக்குதுண்ணே. அவ நூறுநாள் வேலைக்குப் போற அன்னைக்கு நாந்தான. எப்படிப் போட்டாலும் கருகிப்போகுது."

முதலில் சிரித்தது சண்முகவள்ளிதான். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. வீரபத்திரன் சட்டியை இழுத்து, கசக்கிற குழம்பையே இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார். அப்பாடா என்று மனிதர் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். "கடுகு வெடிச்சப்பறம் போடு. சிவக்கும்போதே வெங்காயத்தத் தள்ளிரு, அதுக்கு மேல நிக்கவிடாத" என்று சாப்பாடு முடிகிறவரை பாடம் நடந்தது.

"கலரு ஒங்களுக்குத்தான்னு மொதல்லயே சொல்லக்கூடாதா மாமா" என்று சுஐபு நொந்துகொண்டார். காப்பிக் கலரை மறைப்பதற்குள் அவருக்குக் கை ஓய்ந்துபோயிற்று. இப்போது அடுப்படி மோர் நிறத்தில் இருக்கிறது. ஜன்னல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது.

டீக்கடை சும்மா விடுமா? "அண்ணனுக்கு வளையல் அளவு எடுக்கலையா?" என்று ஒருவன் கேட்டுத்தான் பார்த்தான். "வேணாம்ப்பா, கொழம்புக்குள்ள விழுந்துரும்" என்றார் வீரபத்திரன். அப்புறம் பேச்சு மழைக்குப் போய்விட்டது.

நேற்றுக் காலை தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த சண்முகவள்ளி பழக்கதோஷத்தில் எழுந்து வந்து கரண்டிக்குக் கையை நீட்டினாள். வீரபத்திரன் அதைக் கவனிக்கவில்லை. "ஏலே செல்லச்சாமி, இங்கன வா, உப்புப் பாரு" என்று கூப்பிட்டு, கொதிக்கிற சட்டியில் மொண்டு, ஊதி, கரண்டியை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி அவர் உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டார்.