லோரெய்னிடம் யாரும் சொல்லவில்லை

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஃப்ளீட்வுட்டில் எங்கள் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் காலையில் முதல் தொலைபேசியை எடுப்பவள் லோரெய்ன் க்ராப்பர். இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கத்துகிறவர்களிடம்கூட அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "சொல்லுங்க கண்ணு, பிறந்த தேதி என்ன?" என்பாள். கத்தியவர் அதிலேயே பாதி அடங்கிவிடுவார். பக்கத்து நாற்காலி என்னுடையது. அவள் வீட்டுக் கதையெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான்.

அவளுடைய கணவன் கீத் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் படகில் வேலை செய்கிறான். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. ஒரே மகள் ஃப்ரேயா. கூடப் பிறக்காத குறையாக பெவர்லி ரிம்மர் என்கிற பெவ். லோரெய்னும் பெவ்வும் ஐந்து வயதிலிருந்து ஒரே பெஞ்சு. இருவருக்கும் ஒரே வருஷம் பெண் பிறந்தபோது, பேசி வைத்துப் பெற்றுக்கொண்டீர்களா என்று ஊரே கேலி செய்தது. பெவ்வின் மகள் பெயர் டீகன். டீகன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அப்பா வேறு ஊருக்குப் போய்விட்டான். பெவ் முதியோர் இல்லத்தில் ஷிப்டு வேலை பார்த்து அவளை வளர்த்தாள்.

லோரெய்னுக்கு ஒரு பழைய காயம் உண்டு. பதினாறு வயதில் பள்ளிப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கி, அடுத்த இரண்டு வருஷப் படிப்புக்கு, அதாவது சிக்ஸ்த் ஃபார்முக்கு, பிளாக்பூல் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். பெவ்வுக்கு மதிப்பெண் வரவில்லை. அவள் வேலைக்குப் போய்விட்டாள். லோரெய்ன் தினமும் தனியாக ட்ராமில் போனாள். தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டாள். ஒருநாள் சாண்ட்விச்சைக் கழிவறைக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள். மரங்கள் இலை உதிர்த்து முடிப்பதற்குள் படிப்பை விட்டுவிட்டாள்.

"யாராவது ஒரே ஒரு ஆள் கூட இருந்திருந்தா நான் படிச்சிருப்பேன்" என்பாள். அதனால் பிள்ளைகள் இருவரும் சேர்ந்துதான் அந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவள் வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். கழிவறைச் சாண்ட்விச் கதை உலகத்தில் பெவ்வுக்கு மட்டும்தான் முதலில் தெரியும். எனக்கே பிற்பாடுதான் சொன்னாள்.

பரீட்சை வருஷம் வந்தது. லோரெய்ன் வீட்டுச் சமையலறைச் சுவர் முழுக்க மஞ்சளும் பச்சையுமாகக் காகிதத் துண்டுகள். கெட்டிலுக்கு மேலே இயற்பியல் சூத்திரங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் நாடக வசனங்கள். பால் எடுக்கப் போகிறவர்கள் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம். கீத் மட்டும், "நான் கறுப்பு டீயே குடிச்சுக்கறேன் தாயே" என்று ஒதுங்கிக்கொண்டான்.

பெவ்வுக்கு மாலை ஷிப்டு இருக்கும் நாட்களில் டீகன் நேராக இங்கே வந்துவிடுவாள். மீனும் சிப்ஸும் பட்டாணியுமாக இருவருக்கும் தட்டு வைத்துவிட்டு, லோரெய்ன் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். உப்புகளைப் பற்றியும் அமிலங்களைப் பற்றியும் கேட்டுக் கேட்டு, கிளினிக்கிலும் அதே ஞாபகம். ஒருநாள் மருந்துச் சீட்டு கேட்டு வந்த பெரியவரிடம், "சோடியமா, பொட்டாசியமா?" என்று கேட்டுவிட்டாள்.

"எனக்கு மலச்சிக்கல்மா" என்றார் அவர்.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பெவ் வந்தாள். "நாளைக்கு பிரெஸ்டன்ல எங்க சித்தி பேரனுக்கு ஞானஸ்நானம். டீகனுக்கு நல்லதா ஒரு கோட்டு இல்லைடி. ஃப்ரேயாவோட நீலக் கோட்டு கிடைக்குமா?"

"இதுக்கு என்னடி கேள்வி?" என்று லோரெய்ன் அதை எடுத்து, இஸ்திரி போட்டு, காலரில் ஒட்டியிருந்த நூலைப் பிடுங்கி, கையில் கொடுத்தனுப்பினாள்.

மே மாதம் பரீட்சை தொடங்கியது. கீத் கடலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைகள் இருவரையும் காரில் கொண்டுபோய் விடுவது லோரெய்ன்தான். தண்ணீர்ப் பாட்டிலில் லேபிள் இருக்கக்கூடாது என்பது பரீட்சைக்கூட விதி. முதல் நாள் மாலையே இரண்டு பாட்டிலையும் வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிவிடுவாள். இரண்டாவது கணிதத் தாள் அன்று பள்ளி வாசலில் டீகன் காரை விட்டு இறங்கி, வேலியோரம் வாந்தி எடுத்தாள். லோரெய்ன் அவள் முடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவினாள்.

"என்னால முடியாது ஆன்ட்டி. எல்லாம் மறந்து போச்சு."

"மறக்கலைடா தங்கம். வயித்துல இருந்ததுதான் வெளிய போச்சு, மண்டையில இருக்கறது அப்படியேதான் இருக்கு. வாயைக் கொப்பளி. மூச்சு விடு. வா, நான் வாசல் வரைக்கும் வரேன்."

அன்று லோரெய்ன் கிளினிக்குக்குத் தாமதமாக வந்தாள். அவளுடைய காலைத் தொலைபேசிகளையெல்லாம் நான்தான் எடுத்தேன்.

ஆகஸ்டில் முடிவுகள் வந்தன. பிள்ளைகள் பள்ளி மண்டபத்துக்குப் போய் உறையை வாங்கிக்கொள்ள வேண்டும். லோரெய்னும் பெவ்வும் கூடவே போனார்கள். ஃப்ரேயாவுக்கு எட்டும் ஒன்பதுமாக வந்திருந்தது, ஒன்பதுதான் உச்சம். டீகனுக்கு ஏழும் எட்டும், கணிதத்தில் ஆறு. நான்கு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்போது அந்த வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் சிங்கிள்டன் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ரொம்ப சந்தோஷம் மிஸஸ் க்ராப்பர். டீகன் போறது எங்க எல்லாருக்கும் பெருமைதான். ஆனா ஃப்ரேயாவுக்குக் கொஞ்ச நாளைக்கு வெறிச்சுனு இருக்கும், இல்லையா?"

"டீகன் எங்க போறா?" என்று கேட்டாள் லோரெய்ன், சிரித்துக்கொண்டே.

சிங்கிள்டன் பெவ்வைப் பார்த்தார். பெவ் தரையைப் பார்த்தாள். அவர் வேறு யாரோ கூப்பிட்டதுபோல நழுவிவிட்டார்.

கார் நிறுத்தும் இடத்தில், காற்று முகத்தில் மணலை வாரி அடிக்க, பெவ் சொன்னாள். யார்க்‌ஷயர் மலைப் பக்கத்தில் ஒரு பெரிய தனியார் பள்ளி. கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒருத்திக்கு அங்கேயே தங்கி இரண்டு வருஷம் இலவசமாகப் படிக்க இடம் தருகிறார்கள். டீகனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மார்ச் மாதமே நேர்காணல் முடிந்துவிட்டது.

மார்ச் என்றதும் லோரெய்னுக்கு அந்த நீலக் கோட்டு ஞாபகம் வந்தது.

"அப்போ ஞானஸ்நானம்?"

பெவ் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அந்தக் கோட்டை நான் இஸ்திரி போட்டேன் பெவ்."

"இருந்தது ஒரே ஒரு இடம்டி. ஃப்ரேயா கேட்டிருந்தா என் பொண்ணு பக்கம் யார் திரும்பிப் பார்த்திருப்பாங்க? உனக்கே தெரியும், உன் பொண்ணு கெட்டிக்காரி."

"சொல்லியிருந்தா நான் அவளைக் கேக்கவே விட்டிருக்க மாட்டேன்."

"விட்டிருப்ப. உன் இடத்துல நான் இருந்தா விட்டிருப்பேன்."

"அதான் வித்தியாசம்" என்றாள் லோரெய்ன். "பிள்ளைங்க ரெண்டு பேரும் எந்த ட்ராம்ல ஏறணும், எங்க இறங்கணும்னு உன் முன்னாடிதானே பேசிக்கிட்டு இருந்தேன்? நீயும் கூட உக்காந்து பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டு, ஆமாம் ஆமாம்னு சொன்னியே. நான் தனியாப் போன கதை உனக்குத் தெரியாதா?"

பெவ் அழ ஆரம்பித்தாள். லோரெய்ன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பின்னாடி ஓடிவந்து ஃப்ரேயா ஏறிக்கொண்டாள்.

கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஃப்ரேயா மெதுவாகச் சொன்னாள். "அம்மா, பெவ் ஆன்ட்டியை ரொம்பத் திட்டாத. எனக்கு முன்னாடியே தெரியும்."

லோரெய்ன் காரை ஓரம் கட்டினாள்.

"என்ன தெரியும்?"

"முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க. பிப்ரவரியில. சிங்கிள்டன் சார் வீட்ல பேசிட்டு வரச் சொன்னாரு. எனக்கு அங்க போக இஷ்டம் இல்ல. அதனால மறுநாள், அம்மாகிட்ட பேசிட்டேன், அம்மாவும் வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் டீகனைக் கூப்பிட்டாங்க."

"நான் வேண்டாம்னு சொன்னேனா?"

"உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டம்மா. உக்காந்து நல்லது கெட்டது எல்லாம் பேசிப் பேசி, கடைசியில நானே போறேன்னு சொல்ற மாதிரி பண்ணிடுவ. டீகனுக்கு இந்த ஊரை விட்டுப் போகணும்னு எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியாது."

"பெவ்வுக்கு இது தெரியுமா? உன்னைத்தான் முதல்ல கூப்பிட்டாங்கன்னு?"

"தெரியாது. டீகன் சொல்லலை. மிச்சம் விழுந்ததைத்தான் அவளுக்குக் குடுத்தாங்கன்னு அவங்க அம்மா வருத்தப்படுவாங்கன்னு."

பெவ்வின் மேல் வந்த கோபத்துக்காவது ஒரு உருவம் இருந்தது; அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது என்று லோரெய்ன் பின்னால் சொன்னாள். இதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லையாம். அவள் மேசையில் அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு, இரண்டு பெண்களும் அவளை ஒரு குழந்தையைப் போலச் சமாளித்திருக்கிறார்கள். "எனக்குத்தான் அவங்க ரெண்டு பேரும் பயந்துக்கிட்டு இருந்திருக்காங்க. பரீட்சைக்கு இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். ஃப்ரேயா உதவிக்கு வந்தபோது, "நீ போ. நான் ஒட்டினது, நானே எடுத்துக்கறேன்" என்றாள். கீத் கடலிலிருந்து திரும்பி வந்தபோது பெயிண்ட் உரிந்த சுவரைப் பார்த்தான். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல மகள் பக்கமும் பேசாமல் மனைவி பக்கமும் பேசாமல் சுவருக்குப் பெயிண்ட் அடித்தான்.

செப்டம்பரில் டீகன் போய்விட்டாள். ஃப்ரேயா தனியாக ட்ராம் ஏறினாள். முதல் வாரம் தனியாகத்தான் சாப்பிட்டாளாம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் பிஸ்பம் ஸ்டாப்பில் ஏறும் ஒரு பெண் சிநேகிதமானாள். அந்தப் பெண்ணோடு பேசிப் பார்த்து வேதியியலை விட்டுவிட்டுச் சமூகவியலுக்கு மாறினாள். மாறிய பிறகுதான் வீட்டில் சொன்னாள். "சரி" என்றாள் லோரெய்ன். அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒருநாள் பெவ் கிளினிக்குக்கு வந்தாள். என் முன்னால் வரிசை நீளமாக இருந்ததால், லோரெய்ன் முன்னால் நிற்கும்படி ஆயிற்று. முகம் வெளுத்திருந்தது.

"லோரெய்ன், தோள்பட்டை வலி தாங்கலை. யாரையாவது பார்க்கணும்."

லோரெய்ன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பிறந்த தேதி சொல்லுங்க."

எனக்கே கை நின்றுவிட்டது. அந்தத் தேதிக்கு வருஷா வருஷம் கேக் செய்துகொண்டு போனவள் அவள். பெவ் தேதியைச் சொன்னாள்.

"முகவரி மாறலையே?"

"லோரெய்ன்..."

"வியாழக்கிழமை ரெண்டரை. பின்னாடி ஆள் நிக்கறாங்க."

'கண்ணு' என்ற வார்த்தை வரவே இல்லை.

டீ குடிக்கும் அறையில் அவளைக் கேட்டேன். "ஃப்ரேயா விட்டுக்குடுத்த இடம்தான் அதுன்னு பெவ்கிட்ட சொல்லிடேன். எதுக்கு ரெண்டு பேரும் இப்படி?"

"சொல்லவா? சொன்னா அவளுக்கு நிம்மதியாப் போயிடும். அப்பாடா, நான் யார்கிட்ட இருந்தும் எதையும் எடுத்துக்கலைன்னு ராத்திரி நல்லாத் தூங்குவா. அந்தத் தூக்கத்தை நான் ஏன் அவளுக்குக் குடுக்கணும்?"

அதைச் சொன்னபோது அவள் கை டீக்கோப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளிடம் அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த டீகன் தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறுநாளே பெவ் லோரெய்ன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிடுவதற்காக அவள் காத்திருக்கவில்லை, லோரெய்னும் கூப்பிடவில்லை.

"உனக்கு ஆகஸ்டுலயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே இத்தனை நாள் என்னைத் திருடி மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடக்க விட்டுட்டியே?"

"நீ என்னை முட்டாள் மாதிரி நடக்க விட்ட. நானாவது உன்கிட்ட பொய் சொல்லலை. சும்மா இருந்தேன்."

"நானும் சும்மாதான்டி இருந்தேன்!"

"இல்ல பெவ். நீ ஞானஸ்நானம் வச்ச."

பெவ்வின் முகத்தில் ஒரு சிரிப்பு வருவதுபோல் இருந்ததாம். பழைய நாளாக இருந்தால் இருவருமே விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். லோரெய்னுக்கும் உதடு கோணியது. ஆனால் இருவரும் சிரிக்கவில்லை. பெவ் திரும்பி நடந்தாள். அதன்பிறகு வழியில் பார்த்தால் தலையை அசைத்துக்கொள்கிறார்கள். மீன் கடை வரிசையில் வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. டீகன் மட்டும் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் லோரெய்னைப் பார்க்க வருகிறாள். லோரெய்ன் அவளுக்குச் சாப்பாடு போடுகிறாள். படிப்பைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

இப்போது ஃப்ரேயாவுக்கு அடுத்த கட்டம் வந்துவிட்டது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் என்று தெருவில் உள்ள அப்பா அம்மாக்களெல்லாம் கிளினிக்கில் என்னிடமே புலம்புகிறார்கள். லோரெய்ன் வாயே திறப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது ஃப்ரேயா கேட்டிருக்கிறாள்.

"எங்கெங்க விண்ணப்பிக்கறேன்னு நீ கேக்கவே மாட்டியாம்மா?"

"நீ சொல்றப்போ சொல்லு."

"இது எனக்குத் தண்டனையா?"

"தெரியலைடி" என்றாளாம் லோரெய்ன். "கேட்டா நீ நிஜத்தைச் சொல்றியான்னு உன் முகத்தையே பார்த்துக்கிட்டு நிப்பேன். அப்படி நிக்க எனக்குப் பிடிக்கலை."

ஃப்ரேயா துணியைக் கீழே வைத்துவிட்டு, தான் நினைத்திருக்கும் ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். லோரெய்ன் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக்கூடாது என்று உடனே தோன்றியது.

"இவ்வளவுதாம்மா" என்றாள் ஃப்ரேயா.

மறுநாள் வேலைக்கு வந்ததும் இதை என்னிடம் சொன்னாள் லோரெய்ன். "நிஜமாத்தான் இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை எடுத்தாள்.