வெண்கலம் கொடுத்த வாக்கு

கடைவீதியில் அவருக்கு வெண்கலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. தொண்டை அப்படி. மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும். இளவயதில் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவரை, மைக் செட் கடைக்காரர் ஒருவர் கையோடு அழைத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து தள்ளுபடி விற்பனை, குடிநீர் வராத நாள், காணாமல் போன பிள்ளை, எல்லாமே வெண்கலத்தின் வாயால்தான் அந்தப் பகுதிக்குத் தெரிந்தது. பிள்ளை கிடைத்துவிட்டால் அதையும் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அதற்கு யாரும் கூலி தருவதில்லை. "தேடச் சொன்னவன் நான்தானே? கிடைச்சிருச்சுன்னும் நான்தானே சொல்லணும்?" என்பார். இப்படிப்பட்ட மனிதரை அரசியலுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை.

கடைவீதியின் நடுவில் அவருடைய மனைவி தையல் கடை வைத்திருந்தாள். ஒரு தையல் மெஷின், வெட்டும் மேசை, அளவுத் துணிகள் அடுக்கிய பலகை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஆனாலும் வீட்டுக்குச் சோறு போட்டதும், மகளைப் படிக்க வைத்ததும் அந்தக் கடைதான். வெண்கலத்தின் வேன் அந்தப் பக்கம் வந்தால் அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். அறிவிப்பு முழுவதும் கேட்ட பிறகுதான் மறுபடி மெஷின் ஓடும். சாயங்காலம் வீட்டில் விமர்சனம் நடக்கும். "இன்னைக்கு நடுவுல மூச்சு வாங்குச்சே, வெந்நீர் குடிக்காமப் போனீங்களா?" என்று கேட்பாள். அவருக்கு வேறு பரிசு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய அண்ணன் செங்கல், மணல் வியாபாரி. வசதியான ஆள். தங்கையைக் கத்திப் பிழைக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டோமே என்று அவருக்கு நெடுநாள் மனத்தாங்கல். குடும்ப விசேஷத்தில் எங்கேயாவது வெண்கலத்தைப் பார்த்துவிட்டால், அடிக்காத ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். அதே மச்சான் மாநகராட்சித் தேர்தலில் நிற்கப்போவதாகச் செய்தி வந்த வாரம் வீடு தேடி வந்தார். தாமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, கூட்டத்தைப் பார்த்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது. நீ பேசு. நான் பக்கத்துல நிக்கிறேன். நம்ம குடும்பத்துக்கே உன் குரல்தான் சொத்து."

வெண்கலத்துக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. இத்தனை வருடமாக ஒரு வாய் காபி குடித்தாயா என்று கேட்காத மனிதர், குடும்பத்தின் சொத்து என்கிறார்! அன்று அவர் தரையில் நடக்கவில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் அந்த மச்சான் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தத் தேர்தலில் பேச்செல்லாம் மேம்பாலத்தைப் பற்றித்தான். பாலம் கடைவீதி வழியாக வந்தால் ஒரு பக்கத்துக் கடைகள் மொத்தமாகப் போய்விடும். அந்தப் பக்கத்தில்தான் தையல் கடை. அடுக்குமாடிக்காரர்களுக்குப் பாலம் வேண்டும். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சட்டை தைக்க வந்த நர்ஸ் ஒருத்தி, "உயிருக்குப் போராடுறவங்களை ஆம்புலன்ஸ்ல வச்சுக்கிட்டு இந்தத் தெருவுல மாட்டிக்கிட்டா எப்படி இருக்கும் தெரியுமாக்கா?" என்று கேட்டாள். "பாலம் வேணாம்னு யாரு சொன்னா? ரயில் பாதை ஓரமா அவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, அங்க கட்டட்டும்" என்றாள் வெண்கலத்தின் மனைவி. கடைவீதிக்காரர்கள் எல்லோருடைய பேச்சும் அதுதான்.

பிரசாரம் தொடங்கியது. வேனில் மச்சான் பல் தெரியச் சிரித்துக் கையசைப்பார், வெண்கலம் பேசுவார். முதல் நாட்களில் "நம் வேட்பாளர் இதைச் செய்வார், அதைச் செய்வார்" என்றுதான் பேசினார். கடைவீதிக்குள் வேன் நுழைந்த அன்று மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்.

"மச்சான், கடைங்களைக் காப்பாத்துவோம்னு சொல்லிடலாமா?"

மச்சான் சிரித்தபடியே தலையை ஆட்டினார்.

தையல் கடை வாசலுக்கு மனைவி வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா, விரலில் விரலுறை. அவளைப் பார்த்ததும் வெண்கலத்துக்கு வேட்பாளர் மறந்துபோனார், தேர்தல் மறந்துபோனது. "என் உயிருக்கு மேலான கடைவீதி சொந்தங்களே, வெண்கலம் பேசுறேன்! இங்க இருக்குற ஒரு கல்லைக்கூட எவனும் அசைக்க முடியாது. இது நான் உங்களுக்குக் கொடுக்குற வாக்கு!" என்றார். தெரு அதிர்ந்தது. அவரோடு என்றும் சண்டை போடும் சாவிக்கடைக்காரர்கூடக் கையைத் தட்டினார்.

வேன் நகர்ந்ததும் மச்சான் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "இதேதான் மாப்பிள்ளை. இனிமே எல்லா இடத்துலயும் நீ கொடுக்குற வாக்காவே சொல்லு. உன்னை ஜனங்க நம்புறாங்க." மறுநாளே அதைப் பதிவு செய்து இன்னும் சில வேன்களில் ஓடவிட்டார்கள். தன் குரல் தான் போகாத தெருவிலும் போகிறது என்று வெண்கலம் பூரித்துப்போனார்.

மச்சான் அமோகமாக ஜெயித்தார். வெண்கலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். சில மாதம் கழித்து, கடைவீதியில் அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். சுவர்களில் சிவப்புப் பெயின்டில் குறி போட்டார்கள். தையல் கடைச் சுவரிலும் ஒன்று. வெண்கலம் மச்சானின் அலுவலகத்துக்கு ஓடினார். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். கடைசியில் மச்சான் வெளியே வந்தார், இவரைப் பார்த்தார், ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார், காரில் ஏறினார். ரயில் பாதையோர இடத்தை மச்சானும் கூட்டாளிகளும் தேர்தலுக்கு முன்பே வாங்கிப் போட்டிருந்தார்கள் என்பது அதற்கப்புறம்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்த இடம் பாலத்துக்குப் போகாமல் இருக்க, பாலம் கடைவீதி வழியாகத்தான் வந்தாக வேண்டும். வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அன்றே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். கடைவீதி முழுக்க வந்திருந்தது. நாக்கு ஒட்டிக்கொள்ளும் மச்சான் மேடையில் ஏறி, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், தங்குதடையின்றிப் பேசினார். நகரத்தின் வளர்ச்சி என்றார், போக்குவரத்து என்றார், எதிர்காலம் என்றார். வந்திருந்த அடுக்குமாடிக்காரர்கள் சிலர் கைதட்டினார்கள். வெண்கலம் முதல் வரிசையில் இருந்தார். இவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்த மனிதர் பிரசாரத்தில் ஏன் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"கடையை இடிக்க மாட்டோம்னு வாக்கு கொடுத்தீங்களே!" என்று சாவிக்கடைக்காரர் எழுந்து கத்தினார்.

"நானா?" மச்சான் நிதானமாகச் சிரித்தார். "என் வாயால சொல்லி யாராவது கேட்டீங்களா? இதோ, என் பக்கத்துலயே நின்னவர் இருக்காரு. சொந்தக்காரர்னு பார்க்காம அவரே சொல்லட்டும்." படியிறங்கி வந்து மைக்கை நீட்டினார். "சொல்லு மாப்பிள்ளை. நான் சொன்னேனா?"

வெண்கலம் மைக்கை வாங்கிக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். வெண்கலத்துக்கு அது வரவில்லை.

"இல்ல. நீங்க சொல்லல. நான்தான் சொன்னேன்." மச்சான் பக்கம் திரும்பினார். "நீங்க தலையை ஆட்டினீங்க, மச்சான்."

மண்டபத்தில் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அது பரவியது. மச்சான் மைக்கை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வெண்கலம் கடை கடையாக ஏறி இறங்கினார். "நான் சொன்னது நடக்கலை. நான்தானே வந்து சொல்லணும்?" சிலர் பரிதாபப்பட்டார்கள். சிலர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சாவிக்கடைக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "உன் மச்சானுக்கா ஓட்டுப் போட்டேன்? உனக்குத்தான்யா போட்டேன்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் விமர்சனம் நடக்கவில்லை. வாங்கிய துணிகளைத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கடையை ஒழிப்பேன் என்று மட்டும் மனைவி சொன்னாள்.

சில நாள் கழித்து, கடையில் அவள் கடைசித் துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். வெண்கலம் சுவரிலிருந்து பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"என் உயிருக்கு மேலான கடைவீதி சொந்தங்களே, வெண்கலம் பேசுறேன்!"

பழைய பதிவு. பழக்கத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதை அடுத்து வேறொரு குரல், மாத முடிவுக்குள் கடைகளைக் காலி செய்யவேண்டும், தவறினால் பொருட்கள் அப்புறப்படுத்தப்படும் என்றது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, "வெண்கலம் பேசுறேன்!"

கையில் திருப்புளியோடு அவர் தெருவில் இறங்கி வேனுக்குக் குறுக்கே ஓடினார்.

"நிறுத்துப்பா! யாரைக் கேட்டு என் குரலைப் போட்டீங்க?"

"எனக்கென்னண்ணே தெரியும்? இந்தக் குரல் கேட்டாதான் ஜனங்க வெளியே வருவாங்கன்னு உங்க மச்சான் ஆபீஸ்ல கொடுத்து அனுப்பினாங்க" என்றார் டிரைவர்.

"அது நான் இல்ல! இதைச் சொல்றது நான் இல்ல!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார் வெண்கலம். நரம்பு புடைக்கக் கத்தினார். வேனின் உச்சியிலிருந்து அவருடைய குரலே அவர் குரலை அமுக்கிவிட்டது. வாயசைவதைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள்.

அவர் தையல் கடைப் பக்கம் திரும்பினார். அவளுக்காவது கேட்டிருக்கும் என்று நினைத்தார். வேன் கடை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அவள் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். மிதி நிற்கவில்லை.